மாதிரி அளவை முதல் நாளே பூட்டிவிடாதீர்கள்: களப் பரிசோதனைகளுக்கு நிதி தருவோருக்கும் ஒப்புதல் தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

பொருளியல் களப் பரிசோதனைகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களுக்கும், அவற்றைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களில் தவறாமல் ஒரு கட்டம் இருக்கிறது: மாதிரி அளவு எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள்? அந்தக் கட்டத்தில் ஓர் எண்தான் கொள்ளும். அந்த எண்ணும், அதற்குப் பின்னால் நிற்கும் ஊகங்களும், பணம் கைக்கு வந்தபின் அதை மாற்ற முடியாதபடி நீங்கள் போடும் பூட்டும்தான் இந்த மடலின் பொருள்.

எண் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு பிரிவுகள் (உதவி பெறுவோர், பெறாதோர்), பலனே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 விழுக்காடு, பலன் உண்மையிலேயே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அதாவது திறன், 80 விழுக்காடு. இந்த வழக்கமான நிபந்தனைக்கு, திட்ட விலக்கத்தை, அதாவது ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்ற எண்ணை, எதிர்பார்க்கும் பலனால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 15.7 ஆல் பெருக்கினால் ஒரு பிரிவுக்கு வேண்டிய ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். பலன், திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் பிரிவுக்கு 393 பேர், மொத்தம் 786.

இந்தக் கணக்கில் போகும் இரண்டு எண்களுமே ஊகம். எவ்வளவு பலன் கிடைத்தால் பொருட்படுத்துவோம் என்பது கொள்கை முடிவு. அதை உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கலாம். திட்ட விலக்கம் அப்படியல்ல. அது களத்தில் இருக்கிறது, நம் கையில் இல்லை. வேறு மாநிலத்தில், வேறு வருடத்தில், வேறு கேள்வித்தாளில் வந்த எண்ணை எடுத்துப் போட்டுத்தான் பெரும்பாலும் கணக்கு முடிகிறது. அது நினைத்ததைவிடக் கால் பங்கு கூடுதலாக இருந்துவிட்டால், 80 விழுக்காடு திறன் 61 ஆகச் சரிகிறது. பழைய திறனை மீட்கப் பிரிவுக்கு 614 பேர் வேண்டும்.

கிராமம் கிராமமாக, பள்ளி பள்ளியாகப் பிரித்துச் செய்தால் இன்னொரு ஊகமும் சேர்கிறது. ஒரே கிராமத்தார் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற எண் அது. கிராமத்துக்கு 20 பேர், ஒற்றுமை 0.05 என்று நினைத்திருந்தால் மாதிரியை 1.95 மடங்கு பெருக்கியிருப்பீர்கள். உண்மையில் அது 0.10 என்றால் பெருக்கியிருக்க வேண்டியது 2.9 மடங்கு. திறன் 63 விழுக்காட்டில் நிற்கும். 0.05க்கும் 0.10க்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டமிடும் மேசையில் எவராலும் சொல்ல முடியாது.

பொருளியல் ஆய்வுகள் எவ்வளவு மெலிந்த திறனோடு நடக்கின்றன என்பதை 2017இல் அயோனிடிஸ், ஸ்டான்லி, டூகூலியாகோஸ் மூவரும் கணக்கிட்டார்கள். 6,700க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியதில் நடு மதிப்பு 18 விழுக்காடு, அல்லது அதற்கும் கீழ். அவை எல்லாமே பரிசோதனைகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பணம் போட்டு, ஊர் ஊராக ஆள் அனுப்பிச் செய்யும் பரிசோதனையிலாவது இந்த நிலை வரக் கூடாது.

இதற்கான மருந்து தகவமை வடிவமைப்பு. வழியில் கிடைக்கும் தரவைப் பார்த்து, முன்பே எழுதிவைத்த விதிப்படி, மீதிப் பாதையைத் திருத்திக்கொள்வதே அது. "முன்பே எழுதிவைத்த" என்ற சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தகவமைப்பு அல்ல, பித்தலாட்டம்.

யோசனை புதியதும் அல்ல, அயல்நாட்டுச் சரக்கும் அல்ல. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கெடுத்த புள்ளியியலாளர் மகாலனோபிஸ், முதலில் சிறிய முன்னோட்டம், அதில் தெரிந்ததை வைத்து அடுத்த ஆண்டு கொஞ்சம் பெரியது என்று படிப்படியாகவே முழு அளவுக்குப் போனார். தொடர்முறைச் சோதனைக் கோட்பாட்டை (தரவு வர வரப் பார்த்து எப்போது நிறுத்துவது என்று சொல்வது) 1940களில் உருவாக்கிய ஆபிரகாம் வால்ட், தமக்கு முன்னோடியாக இந்தச் சணல் கணக்கெடுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு உரையாற்ற வந்தபோது, அவர் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி, மனைவியோடு உயிரிழந்தார். கோத்தகிரிப் பக்கம் போகிற புள்ளியியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

தகவமைப்பு என்ற ஒரே பெயருக்குள் மூன்று நான்கு வேறு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சில திறனைக் கூட்டும், ஒன்று திறனைக் குறைக்கவும் செய்யும். விண்ணப்பங்களில் இவை குழம்பிக் கிடப்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

முதலில், ஆபத்து மிகக் குறைந்ததும் பலன் மிகுந்ததும்: பிரிவைப் பார்க்காமல் மாறுபாட்டை (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை) மட்டும் மறுகணக்கிடுவது. பாதித் தரவு வந்ததும், யார் எந்தப் பிரிவு என்ற நெடுவரிசையை நீக்கிய கோப்பை ஒருவர் எடுத்து, எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுகிறார். அதைச் சூத்திரத்தில் போட்டு மாதிரி அளவைத் திருத்துகிறார். பலன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாருக்கும் தெரியாததால், பொய் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 5 விழுக்காட்டிலேயே நிற்கிறது. "இரண்டு பிரிவையும் கலந்தால் பலனும் மாறுபாட்டுக்குள் கலந்துவிடாதா?" என்று கேட்கலாம். கலக்கும். பலனின் வர்க்கத்தில் கால் பங்கு கூடும். பலன் திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அந்தக் கூடுதல் ஒரே ஒரு விழுக்காடு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இதில் இடறும் இடங்கள் வேறு. வருமானம், கடை லாபம் போன்றவற்றில் ஓரிரு பெரும் எண்களே திட்ட விலக்கத்தைத் தூக்கிவிடும். அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர் பெட்டிக்கடைக்காரர்களுக்கு நடுவே மாதிரியில் விழுந்தால் போதும். ஆகவே 99ஆவது சதமானத்துக்கு மேல் வருவதை அந்த அளவிலேயே நிறுத்துவதா, மடக்கை எடுப்பதா என்பதைத் தரவு வருமுன் எழுதிவைக்க வேண்டும். அதே விதிதான் மறுகணக்குக்கும், அதே விதிதான் இறுதிப் பகுப்பாய்வுக்கும். இன்னொன்று: மாதிரி அளவு கூடலாம், குறையக் கூடாது. பாதித் தரவில் தற்செயலாகச் சிறிய திட்ட விலக்கம் வந்ததை நம்பி ஆட்களைக் குறைத்தால், முதலில் சொன்ன குழியிலேயே திரும்ப விழுவோம். மேல் வரம்பும் வேண்டும். முதல் திட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது என்று எழுதினால் உங்கள் நிதிப் பிரிவுக்கும் நிம்மதி.

கிராமக் கொத்துகள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இருபது கிராமத்தை வைத்துக் கணக்கிட்ட ஒற்றுமை எண் ஊசலாடும். கணக்கில் வந்தது, முன்பு நினைத்தது இரண்டில் எது பெரிதோ அதையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. திறன் போதவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஏற்கெனவே போகும் கிராமத்திலேயே ஆட்களைக் கூட்டுவது. ஒற்றுமை 0.10 இருக்கும் இடத்தில் 20 பேருக்குப் பதில் 40 பேரைப் பார்த்தாலும், கிராமத்துக்கு 6.9 தனி மனிதர் அளவில் இருந்த தகவல் 8.2க்குத்தான் உயரும். வேலை இரட்டிப்பு, வரவு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புதிய கிராமங்கள்தான் தேவை. அப்படியானால் கூடுதல் கிராமங்களின் பட்டியல், ஊராட்சி அனுமதி, சமவாய்ப்பு வரிசை எல்லாம் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். நடுவில் போய் அனுமதி கேட்டால் பருவம் கடந்துவிடும்.

இதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது, அதைக்கூட உங்கள் கால அட்டவணை விடுவதில்லை. அடிப்படைக் கணக்கெடுப்பு முடிந்த உடனே அதில் கிடைத்த திட்ட விலக்கத்தையும் கொத்து ஒற்றுமையையும் வைத்து மாதிரி அளவை இறுதி செய்யலாம். அப்போது இன்னும் யாருக்கும் உதவி போகவில்லை. ஏமாற்ற இடமே இல்லை. ஆனால் இரண்டாம் தவணைப் பணம் "ஒப்புக்கொண்ட மாதிரி அளவுக்கு" என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

அதே கையோடு, பின்தொடர் கணக்கெடுப்பு எத்தனை முறை என்பதையும் பிற்பாடு தீர்மானிக்கலாம். ஒருவரின் இந்த மாத லாபத்துக்கும் மூன்று மாதம் கழித்து வரும் லாபத்துக்கும் தொடர்பு குறைவாக இருந்தால், திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுப்பது மலிவான வழி. இதை 2012இல் டேவிட் மெக்கென்சி விரிவாகக் காட்டினார். தொடர்பு 0.3 என்றால், ஒரு முறை அளக்கும்போது 1 ஆக இருக்கும் மாறுபாடு இரண்டு முறை அளந்ததும் 0.65 ஆகிறது, மூன்று முறையில் 0.53. தொடர்பு 0.8 என்றால் இரண்டு முறை அளந்தாலும் 0.9தான், அந்தப் பணத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பதே மேல். தேர்வு மதிப்பெண் இரண்டாம் வகை, சிறுகடை லாபம் முதல் வகை. முதல் பின்தொடர் கணக்கெடுப்பு வந்ததும், பிரிவைப் பார்க்காமலே இந்தத் தொடர்பைக் கணக்கிட்டு மீதிப் பணத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கலாம். போகிற போக்கில் ஒன்று: தொடர்பு 0.5க்குக் கீழே இருக்கும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பகுப்பது, பின் அளவை மட்டும் பகுப்பதைவிட மோசம். முன் அளவை ஒரு துணை மாறியாகச் சேர்ப்பதுதான் சரி. இன்னும் எத்தனையோ விண்ணப்பங்களில் முந்தையதே வருகிறது.

அடுத்தது, இரண்டு பிரிவுக்கும் ஆட்களைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வி. புள்ளியியலாளர் நெய்மன் 1934லேயே விடை சொல்லிவிட்டார்: எந்தப் பக்கம் மாறுபாடு அதிகமோ அந்தப் பக்கம் ஆட்கள் அதிகம், திட்ட விலக்கங்களின் விகிதத்தில். அந்த விகிதம் முன்கூட்டித் தெரியாததால் முதல் கட்டத்தில் சரிபாதி, அதில் கற்றதை வைத்து இரண்டாம் கட்டத்தைத் திருத்துவது என்ற இரண்டு கட்ட முறையை ஹான், ஹிரானோ, கார்லன் மூவரும் 2011இல் முன்வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. வரவு எவ்வளவு என்று பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் தணியும். உதவி பெற்றவர்களின் திட்ட விலக்கம் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு என்றால் மிச்சமாவது 10 விழுக்காடு ஆட்கள். மூன்று மடங்கு என்றால் 20. ஒன்றே கால், ஒன்றரை மடங்குக்கெல்லாம் சில்லறைதான். ஆம் அல்லது இல்லை என்ற விளைவுகளில், 30 விழுக்காடு 40 ஆகிறதா என்பது போன்ற கேள்வியில், ஒன்றுமே கிடைக்காது. முன்னோட்டத்தில் பிரிவுக்கு இருபது பேரை வைத்துத் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு அதை நம்பி விகிதத்தை மாற்றினால் சரிபாதியைவிடக் கெட்டதாகவும் முடியலாம். தொழில் மானியம் போல, சிலருக்குக் கடை பெருகி பலருக்கு அப்படியே கிடக்கும் உதவிகளுக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

செலவு விகிதம் அதைவிடப் பெரிய நெம்புகோல். அதற்கு எந்தத் தகவமைப்பும் வேண்டாம், வகுத்தல் கணக்கு போதும். உதவி பெறுபவர் ஒருவருக்கு மொத்தச் செலவு 9,000 ரூபாய், கட்டுப்பாட்டுக் குழுவில், அதாவது உதவி பெறாதோரில், ஒருவருக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். 18 லட்சத்தில் சரிபாதியாக 180, 180 பேரைப் பார்க்கலாம். செலவு விகிதத்தின் வர்க்கமூலப்படி ஒன்றுக்கு மூன்று என்று பிரித்தால் 150, 450 பேர். அதே பணம், மதிப்பீட்டின் மாறுபாடு 20 விழுக்காடு குறைவு. "ஏன் கட்டுப்பாட்டுக் குழு இவ்வளவு பெரியது?" என்று விண்ணப்பதாரரைக் குடைவதை நிறுத்துங்கள்.

இனி, இடையில் எட்டிப் பார்ப்பது. பாதியில் முடிவைப் பார்த்து, பலன் தெளிவாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் வழக்கமான 1.96 என்ற எல்லையையே (பலனை அதன் திட்டப் பிழையால் வகுத்து வரும் எண் இதைத் தாண்டினால் வெற்றி) வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன ஆகும் என்று ஆர்மிடேஜும் கூட்டாளிகளும் 1969லேயே கணக்கிட்டுவிட்டார்கள். சம இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் பொய் வெற்றி வாய்ப்பு 8.3 விழுக்காடு, ஐந்து முறையில் 14.2, பத்து முறையில் 19.3. கணினித் திரையில் தினமும் காலையில் முடிவைத் திறந்து பார்க்கும் இணையப் பரிசோதனைக்காரர்களை இதில் எங்கே வைப்பது என்று நீங்களே பாருங்கள்.

ஆனால் எல்லையை உயர்த்தி வைத்துப் பார்ப்பது முறையானதே. மூன்று முறை பார்ப்பதாக இருந்தால் ஓ'பிரையன், ஃபிளெமிங் 1979இல் சொன்ன வகையில் எல்லைகள் 3.471, 2.454, 2.004. முதலில் மலை போன்ற சான்று இருந்தால்தான் நிறுத்தலாம். கடைசி எல்லை பழைய 1.96க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, அதிகபட்ச மாதிரியில் 1.7 விழுக்காடு. 786 பேருக்குப் பதில் 800 பேருக்கு இடம் வைத்தால் போதும். மூன்று முறையும் 2.289 என்ற ஒரே எல்லையை வைக்கும் போகாக் முறையில் சீக்கிரம் நிறுத்த வாய்ப்பு அதிகம், ஆனால் 917 பேருக்கு இடம் வேண்டும். பொருளியலில் முதல் வகையே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. மருந்துச் சோதனையில் ஒரு வாரம் முன்னே நிறுத்தினால் உயிர் பிழைக்கும். நம்மிடம் அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை, அளவைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் தேவைதான் இருக்கிறது. முன்னே நிறுத்திய சோதனையில் வரும் பலன் அளவு உண்மையைவிடப் பெரிதாகவே காட்டும், ஏனென்றால் தற்செயலாக உயர்ந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறோம். அந்த எண்ணை அப்படியே எடுத்துச் செலவு வரவு கணக்கில் போடுவது தவறு.

பலனைப் பார்த்துவிட்டு மாதிரியைக் கூட்டுவதும் முடியும். ஆனால் அப்போது இரண்டு கட்டத்தையும் ஒன்றாகக் கொட்டி வழக்கம்போல் சோதிக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே சோதனை மதிப்பை (எல்லையோடு ஒப்பிடும் அந்த எண்ணை) கண்டு, முதல் நாளில் எழுதிய எடைகளின் வர்க்கமூலத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டாம் கட்டம் மூன்று மடங்கு பெருத்தாலும் எடை மாறாது. விண்ணப்பத்தில் அந்த எடைகள் இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் விஷயம்: வெல்லும் பிரிவுக்கு ஆட்களைத் திருப்பிவிடும் முறைகள். தாம்சன் 1933இல் சொன்னது இதன் மூலம். ஒரு பிரிவு மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்கு இப்போதைக்கு எவ்வளவு வாய்ப்போ, அடுத்த ஆளுக்கு அந்தப் பிரிவு கிடைப்பதற்கும் அவ்வளவே வாய்ப்பு. பரிசோதனையில் இருக்கும் மக்களுக்கு இது நல்லது, பலருக்கு நல்ல உதவி போய்ச் சேரும். திறனுக்கோ இது எதிரி. ஆட்கள் ஒரே பிரிவில் குவிந்துவிட்டால் ஒப்பிட எதிர்ப்பக்கம் ஆளில்லை.

அமெரிக்காவில் மிச்சிகனில் நடந்து 1985இல் வெளிவந்த பச்சிளங்குழந்தைச் சோதனையை மருத்துவத்தார் இன்னும் மறக்கவில்லை. வென்ற பக்கத்துக்கே வாய்ப்பைக் கூட்டும் விதி. உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவியில் 11 குழந்தைகள், எல்லோரும் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் ஒரே ஒரு குழந்தை, அது இறந்தது. ஒற்றைக் குழந்தையை வைத்து எதை நிறுவுவது? வாதம் தீரவில்லை. 185 குழந்தைகளோடு பிரிட்டனில் நடந்த சோதனை 1996இல் வெளிவரும்வரை கேள்வி நீண்டுகொண்டே போனது.

இந்தக் குழியைத் தவிர்க்க காசி, சௌட்மன் இருவரும் 2021இல் வெளியிட்ட முறையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. சிறந்ததாக இருக்கும் வாய்ப்பை, சிறந்ததாக இல்லாமல் இருக்கும் வாய்ப்பால் பெருக்கி அந்த விகிதத்தில் ஆட்களைப் பிரிப்பது. மூன்று பிரிவுகளின் வாய்ப்பு 0.80, 0.15, 0.05 என்றால் தாம்சன் முறை முதல் பிரிவுக்கு 80 விழுக்காடு ஆட்களை அனுப்பும். திருத்திய முறை 48, 38, 14 என்று பிரிக்கும். எந்தப் பிரிவும் பாதிக்கு மேல் விழுங்க முடியாது. ஆட்கள் முன்னணியில் மோதும் பிரிவுகளுக்கிடையே போகிறார்கள், தோற்பது உறுதியானவற்றுக்குப் போவதில்லை. ஒடிசாவில் நெல் விவசாயிகளுக்குக் கைபேசியில் வேளாண் ஆலோசனை தரும் சேவைக்கு ஆள் சேர்க்க 2019இல் இதைச் செய்து பார்த்தார்கள். தானியங்கி அழைப்பைக் காலை பத்து மணிக்குச் செய்வதா, மாலை ஆறரைக்கா. முன்பே குறுஞ்செய்தி அனுப்புவதா, அனுப்பினால் ஒரு மணி நேரம் முன்பா ஒரு நாள் முன்பா? ஆறு பிரிவுகள், ஏறக்குறைய 10,000 எண்கள், தவணை தவணையாக. காலை அழைப்பு, ஒரு மணி நேரம் முன்பு குறுஞ்செய்தி என்ற பிரிவு வென்றது. கிட்டத்தட்ட 4,000 எண்கள் அதற்குப் போயின.

இந்த எடுத்துக்காட்டு ஏன் பொருந்தியது என்று பாருங்கள். விளைவு அன்றே தெரிந்துவிடும்: அழைப்பை எடுத்துக் கேள்விகளை முடித்தாரா, இல்லையா. பிரிவுகள் பல. கேள்வி "எதைத் தேர்ந்தெடுப்பது", "எவ்வளவு பலன்" என்பதல்ல. கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டுப் பலனின் அளவைச் சொல்ல வேண்டும் என்றால் இதே முறை பொருந்தாது. அப்போது கட்டுப்பாட்டுக் குழுவின் பங்கை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். நான்கு உதவிகளை ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடும்போது அந்தக் குழுவுக்கு மற்ற ஒவ்வொன்றையும் போல் இரண்டு மடங்கு, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, என்பது நல்ல தொடக்கம். பாதியில் பின்தங்கிய இரண்டைக் கைவிட்டு அந்த ஆட்களை மிஞ்சிய இரண்டுக்கும் பகிர்ந்தால் திறன் கூடும்.

ஆட்களின் விகிதம் தவணைக்குத் தவணை மாறும்போது வரும் வினை ஒன்று இருக்கிறது. நாங்கள் பார்த்தவரை, விண்ணப்பங்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான். கணக்காகவே சொல்கிறோம். உதவிக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையில் 100 பேர், 50க்கு 50, வெற்றி 20 விழுக்காடு. இரண்டாம் தவணை அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலம். யாராக இருந்தாலும் வெற்றி 30 விழுக்காடு. விகிதமோ இப்போது 80க்கு 20. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: உதவி பெற்ற 130 பேரில் 34 வெற்றி, 26.2 விழுக்காடு. பெறாத 70 பேரில் 16, 22.9 விழுக்காடு. இல்லாத பலன் மூன்று புள்ளிக்கு மேல் முளைத்துவிட்டது. பருவத்தோடு நகரும் எந்த விளைவிலும், கூலி, விற்பனை, பள்ளி வருகை, கடன் திருப்பம் எல்லாவற்றிலும், இது நடக்கும். தவணைக்குள்ளேயே ஒப்பிட்டுப் பிறகு சேர்ப்பதுதான் வழி. அதற்கு ஒவ்வொரு தவணையிலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு, பத்து விழுக்காடாவது, இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் எந்தப் பிரிவு எந்த வாய்ப்போடு கிடைத்தது என்ற எண்ணைக் கோப்பில் பதிய வேண்டும். அது தொலைந்தால் பின்னால் எந்தக் கணக்கும் அதை மீட்காது. சமவாய்ப்பு எண்ணின் விதை (அதே எண்களை மறுபடி உருவாக்க உதவும் தொடக்க எண்), நிரலின் பதிப்பு, தரவு எடுத்த நேரம் மூன்றும் அதனோடு சேர்த்து.

பருவம் நகராவிட்டாலும் எளிய சராசரி ஏமாற்றும். முதல் தவணையில் தற்செயலாகத் தாழ்ந்த பிரிவுக்கு அப்புறம் ஆட்கள் வராததால் அந்தத் தாழ்வு திருந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. சராசரி கீழேயே உறைந்துவிடும். வாய்ப்பின் தலைகீழ் எடையைப் போடுவது (அரிதாகக் கிடைத்த பிரிவின் ஆட்களுக்குக் கூடுதல் எடை) சாய்வை நீக்கும், ஆனால் வாய்ப்பு சிறுத்த இடங்களில் எண் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கும் எடை முறைகளை ஏதி, வேகர் உள்ளிட்டோர் 2021இல் தந்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் அது முன்பதிவு ஆவணத்திலேயே, அதாவது ஆய்வு தொடங்குமுன் பதியும் திட்டத்திலேயே, இருக்க வேண்டும்.

களத்தில் நடப்பது இன்னொரு கதை. விகிதம் 50இலிருந்து 70க்குத் தாவினால், எந்த உதவி வெல்கிறது என்பது களப்பணியாளருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்த உதவியைச் சற்று உற்சாகமாகவே விளக்குவார். குறை சொல்ல முடியாது. பங்கேற்பவரும் "அடுத்த மாதம் சேர்ந்தால் நல்லது கிடைக்கும்" என்று காத்திருக்கலாம். பிரிவு ஒதுக்கீடு நடுவில் இருக்கும் கணினியிலிருந்து ஒவ்வொரு ஆளாக வர வேண்டும், பட்டியலாக அல்ல. நெறிமுறைக் குழுவினர் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒதுக்கீட்டு வாய்ப்பு காலப்போக்கில் மாறலாம் என்று. எண்களைச் சொல்ல வேண்டாம்.

விளைவு தெரிய ஓராண்டு ஆகும் பரிசோதனைக்கு இவற்றில் பாதி பயன்படாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆள் சேர்ப்பு மூன்று மாதத்தில் முடிந்து, முடிவு பதினைந்தாம் மாதம் வந்தால், நடுவில் திருத்த யார் மிச்சம்? விரைவாகத் தெரியும் வேறொரு விளைவை வைத்து ஓட்டலாம் என்பார்கள். பயிற்சிக்கு வந்தார்களா என்பதை வைத்து வருமானத்துக்கான ஒதுக்கீட்டைத் திருப்பினால், நன்றாக ஆள் பிடிக்கும் பயிற்சி வெல்லும், நன்றாக வேலை தரும் பயிற்சி அல்ல. அத்தகைய ஆய்வுகளுக்குப் பிரிவு பார்க்காத மறுகணக்கும் செலவுக் கணக்கும் போதும்.

ஆய்வுக்கூடப் பரிசோதனைகளுக்கு ஒரு சொல். அங்கே திறன் தொலைவது ஆள் பற்றாமல் மட்டுமல்ல, அளவீட்டுப் பிழையாலும். முந்தைய விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தால் குறைந்த கேள்வியில் துல்லியம் கூடும். 76 நாடுகளில் 80,000 பேரிடம் நடந்த விருப்பக் கணக்கெடுப்பில் (பொறுமை, துணிவு போன்றவற்றை அளப்பது) படிக்கட்டுபோல் ஐந்து கேள்வி கேட்டே ஒவ்வொருவரையும் 32 படிகளில் ஒன்றில் நிறுத்தினார்கள். உண்மைப் பணம் வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை: இப்போது பொய்யாக ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த கேள்வியில் பெரிய தொகை வரும் என்று சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். பணம் தரப்போகும் கேள்வியை முன்பே ஓர் உறையில் இட்டு ஒட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் அந்த ஆசை போய்விடும்.

உங்களிடம் கேட்பது இதுதான். படிவத்தில் ஒரே எண்ணுக்குப் பதில் மூன்றுக்கு இடம் விடுங்கள்: தொடக்க அளவு, மேல் வரம்பு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் விதி. மேல் வரம்புக்கும் தொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒதுக்கீடாக வைத்துக்கொண்டு, விதி சொன்னால் மட்டும் விடுவியுங்கள். விதி சொல்லாவிட்டால் பணம் உங்களிடமே. விகிதம் மாறும் எந்த வடிவமைப்புக்கும் கணினிப் பாவனைச் சோதனை முடிவைக் கேளுங்கள்: பலனே இல்லாத உலகில் 10,000 முறை ஓட்டியபோது எத்தனை முறை வெற்றி என்று சொன்னது, எதிர்பார்த்த பலன் உள்ள உலகில் எத்தனை முறை, தவணைக்குத் தவணை விளைவு 20 விழுக்காட்டிலிருந்து 30க்கு நகரும் உலகில் எத்தனை முறை. இதற்கு ஆர் என்ற நிரல்மொழி தெரிந்த ஒருவருக்கு இரண்டு வாரச் சம்பளம் ஆகும். அந்தச் செலவையும் விண்ணப்பத்துக்கு முந்தைய தொகையில் அனுமதியுங்கள். மாதிரி அளவு திருத்தத்துக்கு நெறிமுறைக் குழு மறுபடி கூட வேண்டியதில்லை. முதல் ஒப்புதலிலேயே மேல் வரம்பு வரை அனுமதி கொடுத்து, திருத்திய நாளையும் எண்ணையும் ஒரு பக்கக் கடிதமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் பரிசோதனைப் பதிவேட்டில் முன்பதிவைத் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு நிற்கும். அந்தத் திருத்தம் மறுகணக்கு நடந்த அதே வாரத்தில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கணக்காளரையே பார்க்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
களப் பரிசோதனைகளை வடிவமைப்பவர்களும் அவற்றின் தரவைப் பகுப்பவர்களுமான சிலர்